கனடாவில் பியோனி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு: கிழங்கு வாங்குவதிலிருந்து பெயர் கண்டுபிடிப்பது வரை

ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கிய முதல் ஜூன் மாதம், முன்வளவின் மூலையில் ஒரு செடி பூத்தது. தேநீர்த் தட்டு அகலத்தில் வெள்ளைப் பூக்கள். நடுவில் குங்குமம் தெறித்ததுபோலச் சிவப்புப் பொட்டுகள். கதவைத் திறந்தால் வாசம் வீட்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் அதைப் பியோனி என்று சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் கடையிலிருந்து மூன்று கிழங்குகள் வாங்கி நட்டேன். நான்கு வருடங்கள் இலை மட்டும் வந்தது, மொட்டு ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் வருடம் தோண்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஊரில் கரணைக்கிழங்கு நடுகிற பழக்கத்தில் அரை அடி ஆழத்தில் புதைத்திருந்தேன். சரியான ஆழம் இரண்டு அங்குலம். இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் நான்கு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதுவது ரொறன்ரோவும் அதைச் சுற்றிய தென் ஒன்ராறியோவும் சார்ந்த அனுபவம். உங்கள் ஊர் இன்னும் குளிராக இருந்தால் நான் சொல்லும் மாதங்களைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள்

பியோனியில் மூன்று வகைகள் உண்டு. நடும் ஆழமும், இலையுதிர்காலத்தில் வெட்டும் முறையும், விலையும் வகைக்கு வகை வேறு. எது என்று தெரியாமல் கத்தரிக்கோலை எடுத்தால் செடி கெட்டுவிடும்.

முதலாவது, தண்டு காய்ந்து மடியும் சாதாரணப் பியோனி. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது. ஏப்ரலில் கருஞ்சிவப்பு முளைகள் விரல்போல மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டரை முதல் மூன்றரை அடி உயரம் வளரும். பழைய வீடுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, மரப் பியோனி. பெயர் மரம் என்றாலும் இது புதர்தான். குளிர்காலத்திலும் பழுப்பு நிறக் கட்டைத் தண்டுகள் நிற்கும். அந்தத் தண்டுகளிலேயே அடுத்த வருடத்து மொட்டுகள் இருக்கும். இலை பெரிதாக, வாத்தின் கால்போலப் பிளவுபட்டிருக்கும். மற்ற இரண்டு வகைகளுக்கும் முன்னதாக, மே மாதத்தின் நடுவிலிருந்து கடைசிக்குள் பூத்துவிடும்.

மூன்றாவது, முதல் இரண்டையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். ஜப்பானில் இதை முதலில் உருவாக்கிய தொய்ச்சி இத்தோவின் பெயரால் இத்தோ பியோனி என்பார்கள். இலை மரப் பியோனியுடையதுபோல இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் அனேகமாக முழுவதும் மடிந்துவிடும். அடியில் சில அங்குலக் கட்டை மட்டும் மிஞ்சலாம். மூன்றடிக்கு உருண்டையான புதராக வளரும், மழையில் சாயாது. பளிச்சென்ற பெரிய மஞ்சள் பூவைக் கண்டால் அது இத்தோ அல்லது மரப் பியோனியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் முதல் வகையில் மஞ்சள் அபூர்வம்.

புது வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்று: முதல் வருடம் முன்வளவில் எதையும் தோண்டி எறியாதீர்கள். நவம்பரில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணுக்குள் ஐம்பது வயதுப் பியோனி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம்.

2. எப்போது, எங்கே, எவ்வளவுக்கு வாங்குவது

பியோனிக் கிழங்கு நடச் சரியான காலம் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை. மண் உறைவதற்கு முன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். பியோனியை மட்டும் வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணைகள் அந்தக் காலத்தில்தான் கிழங்கைத் தோண்டி அனுப்புகின்றன. ஆனால் நல்ல இரகங்கள் கோடை முடியுமுன் விற்றுத் தீர்ந்துவிடும். ஜூனில் பூவைப் பார்த்து முடிவு செய்து, ஜூலைக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

வசந்தத்தில் பெரிய கடைகளில் படம் போட்ட பையில் கிழங்கு தொங்கும். விலை மலிவு. நான் வாங்கியதும் அதுதான். அவற்றில் பல கடையின் சூட்டில் காய்ந்தோ, வெளிறிய முளை விட்டோ இருக்கும். ஒன்றிரண்டு கண்கள்தான் இருக்கும். கண் என்பது கிழங்கின் தலையில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ கூர்மையாக நிற்கும் முளை. மூன்று முதல் ஐந்து கண் உள்ள கிழங்கு என்றால்தான் மூன்றாம் வருடத்தில் ஒழுங்காகப் பூக்கும். அப்புறம், என் பையில் இளஞ்சிவப்பு என்று போட்டிருந்தது, பூத்தபோது கடுஞ்சிவப்பு. கிழங்கைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் முடியாது. பெயர் முக்கியம் என்றால் பெயருக்குப் பொறுப்பேற்கும் பண்ணையிலேயே வாங்குங்கள்.

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன், உங்கள் கணக்குக்கு உதவும். கடைப் பைக் கிழங்கு 12 டொலர். பண்ணையில் மூன்று முதல் ஐந்து கண் உள்ள கிழங்கு 28 முதல் 40 டொலர். இத்தோ 60 டொலருக்கு மேல். சட்டியில் பூவோடு நின்ற ஒரு செடி 38 டொலர். தபாலில் வரவழைத்தபோது அனுப்பும் செலவு 20 டொலர் வரை வந்தது. எல்லாவற்றின் மேலும் 13 சதவீத வரி. ஒரு கிழங்குக்காக அனுப்பும் செலவு கொடுப்பது நட்டம். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்குங்கள்.

காசு குறைவாகச் செலவழிக்க விரும்பினால் உள்ளூர்த் தோட்டக்கலைச் சங்கங்கள் மே மாதத்தில் நடத்தும் கன்று விற்பனைக்குப் போங்கள். இன்னும் நல்ல வழி, பழைய செடி வைத்திருக்கும் அயலவரிடம் செப்டெம்பரில் ஒரு பங்கு கேட்பது. அந்தச் செடி உங்கள் தெருவின் குளிரில் தாங்கி நிற்பது ஏற்கெனவே தெரிந்த விடயம்.

இணையத்தில் நீலப் பியோனி விதை என்று விற்பார்கள். வாங்காதீர்கள். உண்மையான நீல நிறத்தில் பியோனியே கிடையாது. விதையிலிருந்து வளர்ப்பதும் புதியவர்களுக்கு ஏற்றதல்ல. முளை மேலே தெரியவே பெரும்பாலும் இரண்டு குளிர்காலம் போய்விடும், பூக்க மேலும் மூன்று நான்கு வருடம் ஆகும். அப்போதும் தாய்ச் செடியின் பூ வராது.

3. தோண்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பூச்செடி நடத் தாள் எதற்கு என்று நானும் நினைத்தேன். நான்கு விடயங்கள் இருக்கின்றன.

நிலத்தடிக் குழாய் அடையாளம்: ஒன்ராறியோவில் மண்ணைத் தோண்டுமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். சிறிய குழிக்கும் இது பொருந்தும். செலவில்லை. இணையத்தில் விண்ணப்பித்து, குறைந்தது ஐந்து வேலை நாட்கள் பொறுக்க வேண்டும். ஆட்கள் வந்து புல்லில் நிறம் பூசிவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர். கூடவே தரும் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் குறித்த காலம் முடிவதற்குள் தோண்டிவிட வேண்டும். முன்வளவில் எரிவாயுக் குழாய் ஓடுவது சாதாரணம். கிழங்கு வரும் வாரத்தைக் கணக்குப் பார்த்து ஓகஸ்ட் கடைசியிலேயே விண்ணப்பியுங்கள்.

கொண்டோ அல்லது தொடர்வீடு என்றால் முன்பக்க மண் பொதுச் சொத்தாக இருக்கலாம். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பியோனி ஒரே இடத்தில் பத்து, இருபது வருடம் நிற்கும் செடி. புல் வெட்ட வரும் குழு மூன்றாம் வருடம் அதைச் சீவிவிட்டால் கேட்க உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ரசீதும் பெயர்ச்சீட்டும்: இரண்டையும் படமெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பெயர் மாறி வந்தால் வேறு கிழங்கு தரும் பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் ரசீதும் பூவின் படமும் கேட்பார்கள். பூ வரவோ இரண்டு மூன்று வருடமாகும். உத்தரவாதம் எத்தனை வருடத்துக்கு என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுவருவது: அமெரிக்காவில் உள்ள உறவினர் தன் தோட்டத்துக் கிழங்கைக் காரில் கொண்டுவரட்டுமா என்று கேட்பார். வெளியில் நடும் வேருள்ள செடிக்கு அந்நாட்டு அரசு கொடுத்த தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பிற நாடுகளிலிருந்து என்றால் கனடாவின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்தத் தாள்கள் இல்லாமல் வந்தால் எல்லையில் பறித்துவிடுவார்கள். இரண்டு கிழங்குக்காக இந்த வழியில் இறங்குவது வீண் செலவு.

மறுதிசையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கொண்டுபோக நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பூ மொட்டு விழித்தெழ, 4 பாகை செல்சியசுக்கு அண்மையான குளிரில் பல வாரங்கள் கிடக்க வேண்டும். அந்தக் குளிர் அங்கே இல்லை.

4. இடம்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கம் சரிவராது. மேப்பிள் போன்ற பெரிய மரத்தின் வேர் ஓடும் இடமும் வேண்டாம், மரம் தண்ணீரை உறிஞ்சிவிடும். செடிக்குச் செடி மூன்று முதல் நான்கு அடி இடைவெளி விடுங்கள். நட்ட முதல் வருடம் இது வீணாகக் கிடக்கும் இடமாகத் தெரியும். ஐந்தாம் வருடம் அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால்தான் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும்.

தண்ணீர் தேங்கும் இடத்தில் கிழங்கு அழுகும். எங்கள் பக்கம் களிமண். குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையும் அரைவாசி நின்றது. அங்கே நடாமல் ஆறு அங்குலம் உயர்த்திய பாத்தி கட்டி நட்டேன். அந்தச் செடிதான் இப்போது நன்றாக இருக்கிறது. பழைய பியோனியை எடுத்த அதே குழியில் புதியதை நடவும் வேண்டாம். வேறு இடம் இல்லையென்றால் அந்த மண்ணை நன்றாக அள்ளிவிட்டுப் புதுமண் போடுங்கள்.

இன்னொன்று. பியோனி நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. செடியைக் கடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரலாம். வீட்டில் பிராணி இருந்தால் அது போய்வரும் பாதையில் நட வேண்டாம்.

5. நடுவது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிக் கட்டிகளை உடையுங்கள். மக்கிய கூட்டெரு ஒரு பையைக் கலந்து, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி போடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். கலந்த மண்ணில் பெரும்பகுதியைத் திரும்பக் குழிக்குள் போட்டு, காலால் மெதுவாக அழுத்தி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மண் தாழும். பலர் இந்த இரவை விட்டுவிடுகிறார்கள். அன்றே நட்டால் கிழங்கு பிறகு மண்ணோடு சேர்ந்து தாழ்ந்து, இரண்டு அங்குலத்தில் வைத்தது நான்கு அங்குலத்துக்குப் போய்விடும்.

மறுநாள் நடுவில் சிறு மேடு செய்து, கிழங்கைக் கண்கள் மேல்நோக்கி இருக்க வையுங்கள். குழியின் குறுக்கே ஒரு நேரான தடியை வையுங்கள். அதுதான் மண் மட்டம். தடியின் அடிப்பக்கத்திலிருந்து கண்ணின் நுனி வரை அடிமட்டத்தால் அளவுங்கள். சாதாரணப் பியோனிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். இத்தோவுக்கும் இரண்டு அங்குலமே. கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளவுகோல் பிடியுங்கள். அளவு சரியானதும் மண்ணை மூடி, காற்று இடைவெளி இல்லாமல் கையால் அழுத்தி, மீண்டும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

மரப் பியோனிக்கு இது தலைகீழ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சாதாரணப் பியோனியின் வேரில் ஒட்டுக் கட்டியவை. அந்த ஒட்டு, மண் மட்டத்துக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மேலுள்ள மரப் பியோனி தன் சொந்த வேரை விடும். நான் முதல் மரப் பியோனியை மேலாக நட்டேன். மூன்றாம் வருடம் அடியிலிருந்து வேறு இலையோடு தளிர்கள் வந்தன. செழிப்பாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அவை ஒட்டுவேரின் தளிர்கள். இரண்டு வருடத்தில் மரப் பியோனி மெலிந்து பட்டுப்போனது. பளபளப்பான, நீண்ட ஒடுங்கிய இலையோடு மண்ணிலிருந்து தனியாக எழும் தளிரைக் கண்டால் மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்திலேயே அறுத்துவிடுங்கள்.

சட்டிச் செடியை வசந்தத்திலோ கோடையிலோ நடலாம். ஆனால் சட்டியில் இருந்த ஆழம் சரி என்று நம்பாதீர்கள். மேல்மண்ணை விரலால் விலக்கிக் கண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நடுங்கள்.

நட்ட முதல் குளிர்காலத்துக்கு மட்டும், மண் உறைந்த பிறகு, மேலே வைக்கோலோ உலர்ந்த இலையோ நான்கு அங்குலம் போடுங்கள். மண் உறைந்து உருகும்போது புதுக்கிழங்கு மேலே தள்ளப்படாமல் இருக்க இது உதவும். ஏப்ரலில் மறக்காமல் அகற்றிவிடுங்கள். அடுத்த குளிர்காலங்களுக்குத் தேவையில்லை.

6. முதல் மூன்று வருடங்கள்

முதல் வருடம் ஒன்றிரண்டு தண்டுகள் வரும். இரண்டாம் வருடம் நாலைந்து. ஒரு பூ வந்தாலும் வரலாம், அது முழு அளவில் இருக்காது. மூன்றாம் வருடத்திலிருந்து செடி தன் உருவத்துக்கு வரும். முதல் இரண்டு வருடம் பூவைத் தண்டோடு வெட்ட வேண்டாம். இலைதான் கிழங்குக்கு உணவு சேர்க்கிறது. மழை இல்லாத வாரங்களில் வாரத்துக்கு ஓர் அங்குல மழைக்குச் சமமாகத் தண்ணீர் விடுங்கள். பொறுமையில்லாமல் இடம் மாற்றினால் கணக்கு மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கும்.

7. ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டியவை

ஏப்ரல் கடைசியில், முளை அரை அடி உயர்ந்ததும் வளையத் தாங்கி போடுங்கள். கடையில் 10 முதல் 20 டொலருக்குக் கிடைக்கிறது, தக்காளிக்கு வைக்கும் கம்பிக்கூடும் போதும். மொட்டு வந்த பிறகு போட்டால் தண்டு முறியும். அடுக்கிதழ்ப் பூ மழைநீரைக் குடித்துக் கனத்து மண்ணில் விழுந்துவிடும். ஒரு ஜூன் மழையில் அறுபது பூவை இப்படி இழந்தேன்.

மொட்டில் எறும்பு ஏறும். மருந்து அடிக்காதீர்கள். மொட்டின் வெளியிதழ்களில் ஊறும் இனிப்புநீரைக் குடிக்க வருகிறது, அவ்வளவுதான். எறும்பு இல்லாவிட்டால் மொட்டு விரியாது என்று எங்கள் ஆட்கள் மத்தியிலும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் சரியல்ல, எறும்பு வராத செடியும் விரிகிறது.

கவலைப்பட வேண்டியது சாம்பல் பூஞ்சைக்கு. குளிரும் மழையுமான மே மாதத்தில் இளம் தண்டு அடியில் கறுத்துச் சாயும், பட்டாணி அளவு மொட்டு கறுத்து நிற்கும், மேலே சாம்பல் நிறத் தூள் தெரியும். கண்ட அன்றே கறுத்த இடத்துக்குக் கீழே, மண்ணோடு ஒட்ட வெட்டி, பைக்குள் போட்டுக் கட்டி அகற்றுங்கள். வீட்டு உரக்குவியலில் போட வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரிக்கோலை அல்கஹோலால் துடையுங்கள். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தோட்ட அழகுக்காகப் பயன்படுத்தும் பல இரசாயன மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. ஆகவே துப்புரவைத்தான் நம்ப வேண்டும். ஓகஸ்டில் இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை படியும். அது பார்வைக்குத்தான் கேடு, செடி சாகாது.

பசளை வசந்தத்தில் ஒரு தடவை, பூ முடிந்ததும் ஒரு தடவை. நைதரசன் குறைந்தது, 5-10-10 போன்றது (பையில் உள்ள மூன்று எண்களில் முதலாவது நைதரசன்). தண்டின் தலையில் போடாமல் அரை அடி தள்ளி வட்டமாகப் போடுங்கள்.

ஒக்டோபர் கடைசியில் உறைபனி இலையைக் கருக்கியதும் சாதாரணப் பியோனியின் தண்டுகளை மண்ணோடு ஒட்ட வெட்டி, உதிர்ந்த இலையை ஒன்றும் விடாமல் கூட்டியள்ளுங்கள். பூஞ்சை அந்தக் குப்பையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இத்தோவை நான்கு முதல் ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். மரப் பியோனியில் இலையை மட்டும் அகற்றுங்கள், தண்டைத் தொட வேண்டாம். வளவைத் துப்புரவாக்க ஆள் வைத்திருப்பவர்கள் மரப் பியோனியில் ஒரு சிவப்பு நாடா கட்டி விடுங்கள்.

8. பூக்காவிட்டால்

மூன்று வருடம் கடந்தும் பூ இல்லையென்றால் முதலில் கண்ணின் ஆழத்தைப் பாருங்கள். விரலால் மண்ணைத் தோண்டினால் போதும். சரியாக நட்ட செடியும் பிறகு ஆழமாகலாம். வருடா வருடம் அழகுக்காக மரத்தூள் போடுகிறோம் அல்லவா, அது மக்கி மண்ணாகி ஐந்து வருடத்தில் இரண்டு அங்குலம் ஏறிவிடுகிறது. என் வெள்ளைப் பியோனி அப்படித்தான் ஒரு காலம் பூப்பதை நிறுத்தியது. மேல்மண்ணை வாரியெடுத்தேன், அடுத்த வருடமே ஒன்பது பூ. நட்ட ஆழமே தவறு என்றால் செப்டெம்பரில் தோண்டி உயர்த்தி நடுங்கள்.

ஆழம் சரியென்றால் வெயிலைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் சிறிதாக நின்ற மரம் இப்போது நிழல் போட்டிருக்கும். அடுத்ததாகப் புல்லுக்குப் போடும் பசளையைச் சந்தேகியுங்கள். அதில் நைதரசன் அதிகம், இலை தழைக்கும், மொட்டு வராது. மொட்டு வந்து கறுத்தால் அது பூஞ்சை அல்லது மே மாதப் பின்பனி.

9. பெயர் தெரியாத செடியை இனம் காண்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அவசரப்பட்டால் தவறும் வேலையும் இதுதான். இளம் செடியின் பூவை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். அடுக்கிதழ் இரகங்கள் முதல் ஓரிரு வருடம் குறைந்த இதழோடு பூக்கும். மூன்று நான்கு வயதான செடியைத்தான் கணக்கில் எடுங்கள்.

ஒரு கொப்பியில் நாள் போட்டு எழுதத் தொடங்குங்கள். முதல் பூ விரிந்த நாள் பெரிய தடயம். எங்கள் பக்கம் மே நடுவில் மரப் பியோனி, மே கடைசியில் முந்திப் பூக்கும் சாதாரணப் பியோனிக் கலப்பினங்கள், ஜூன் முதல் மூன்று வாரத்துக்குள் பழைய வாசனை இரகங்கள், அவற்றோடு இத்தோ. ஒரு தண்டில் எத்தனை மொட்டு என்று எண்ணுங்கள். நடு மொட்டின் கீழே பக்கமொட்டுகள் இருந்தால் அது சீன இனத்திலிருந்து வந்த பழைய இரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டுக்கு ஒரே மொட்டு, அதுவும் முந்திப் பூக்கிறது என்றால் கலப்பினமாக இருக்கலாம்.

அடுத்தது பூவின் அமைப்பு. ஓரிரு அடுக்கு இதழும் நடுவே மஞ்சள் மகரந்தக் கேசரங்களும் இருந்தால் ஒற்றை. அதே வெளியிதழ், ஆனால் நடுவில் மகரந்தம் அனேகமாக இல்லாத நாடா போன்ற கீற்றுகள் என்றால் ஜப்பானிய அமைப்பு. அந்தக் கீற்றுகள் குட்டி இதழாகவே மாறியிருந்தால் அனிமோன். பல அடுக்கு இதழுக்குள் கேசரம் தெரிந்தால் அரை இரட்டை. தட்டையான வெளியிதழ் மேல் ஐஸ்கிரீம் உருண்டைபோல நடுப்பகுதி எழுந்து நின்றால் அதைக் குண்டு அமைப்பு என்பார்கள். கேசரமே தெரியாமல் நிறைந்திருந்தால் முழு இரட்டை.

அப்புறம் இதழை மெதுவாக விலக்கி உள்ளே பாருங்கள். நடுவில் குடம்போல நிற்கும் சூலகங்கள் பச்சையா, அவற்றில் பஞ்சுபோல மயிர் உண்டா, அவற்றின் நுனி வெள்ளையா சிவப்பா என்று எழுதுங்கள். ஒரே நிறத்து இரண்டு பூக்களைப் பிரித்துச் சொல்ல இந்த நுனி நிறம் உதவும். வாசத்தைக் காலையில் பாருங்கள். படம் ஆறு எடுங்கள்: முழுச்செடி, மொட்டு, பக்கவாட்டுப் பூ, முன்பக்கப் பூ, நடுப்பகுதி கிட்டவாக, இலை. நிழலில் எடுங்கள், வெயிலில் இளஞ்சிவப்பு வெளுத்துத் தெரியும். விரிந்த முதல் நாளும் நான்காம் நாளும் எடுங்கள். ‘கோரல் சார்ம்’ பவள நிறத்தில் விரிந்து, நாள் போகப் போக வெளுத்து இளமஞ்சளாகிவிடும். ஒரே செடியில் மூன்று நிறம் நிற்பதைப் பார்த்து மூன்று செடி என்று நினைத்தவர்கள் உண்டு.

பழைய வளவுகளில் திரும்பத் திரும்பச் சந்திப்பவை சில. வெள்ளை முழு இரட்டையில் குங்குமப் பொட்டுகள் என்றால் 1851இல் வந்த ‘ஃபெஸ்டிவா மக்ஸிமா’வாக இருக்கலாம். என் முன்வளவுச் செடி அதுதான் என்று நம்புகிறேன். பொட்டில்லாத வெள்ளை, அடியில் மஞ்சள் சாயல், நல்ல வாசம் என்றால் ‘டச்சஸ் டி நெமூர்’. வெளிர் இளஞ்சிவப்பு, பெரிய பூ, பிந்திப் பூத்து மழையில் சாய்வது என்றால் ‘சேரா பேர்ன்ஹார்ட்’. வாசம் குறைந்த கடுஞ்சிவப்பு ‘கார்ல் ரோசன்ஃபீல்ட்’. மே கடைசியிலேயே கடுஞ்சிவப்பு அடுக்குப் பூ வந்துவிட்டால் ‘ரூப்ரா பிளேனா’வை நினையுங்கள். இளஞ்சிவப்புக் கிண்ணத்துக்குள் பாலாடை நிறக் கீற்றுகள் குவிந்திருந்தால் ‘பவுல் ஒஃப் பியூட்டி’.

ஒப்பிட்டுப் பார்க்கச் சிறந்த இடம் ஒஷாவாப் பள்ளத்தாக்குத் தாவரவியல் தோட்டம். முந்நூறுக்கும் மேற்பட்ட இரகங்கள் அங்கே பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. ஜூனில் பியோனி விழாவும் நடக்கும். உங்கள் கைபேசியில் படங்களையும், முடிந்தால் ஈரத்துணியில் சுற்றி ஒரு பூவையும் கொண்டுபோங்கள். வீட்டிலிருந்தே தேடுவதற்கு, உலக அளவில் பியோனிப் பெயர்களைப் பதிவு செய்யும் அமெரிக்கப் பியோனிச் சங்கத்தின் இணையப் பட்டியல் இருக்கிறது. கைபேசிச் செயலிகள் பியோனி என்ற அளவுக்குச் சரியாகச் சொல்லும். இரகப் பெயர் சொன்னால் நம்ப வேண்டாம். பல ஆயிரம் இரகங்கள் இருக்கின்றன, இளஞ்சிவப்பு இரட்டைகளில் பல ஒன்றையொன்று உரித்துவைத்தவை.

எல்லாம் பார்த்தும் உறுதி வராவிட்டால், ‘பெயர் தெரியாத இளஞ்சிவப்பு, முன்வளவு’ என்று எழுதி வையுங்கள். ஊகப் பெயரைச் சீட்டில் எழுதினால், நீங்கள் பங்கு கொடுக்கும் பத்து வீட்டுக்கும் அந்தப் பிழை போகும்.

10. பூ வெட்டுவதும் செடி பிரிப்பதும்

மொட்டை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல இருந்தால் பொறுங்கள். மாஷ்மெல்லோபோல மெத்தென்று இருந்தால் காலையில் வெட்டுங்கள். செடியில் மிஞ்சும் தண்டில் இரண்டு மூன்று இலையாவது நிற்க வேண்டும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். இப்படி வெட்டிய மொட்டைத் தண்ணீரில் வைக்காமல், இலை களைந்து, செய்தித்தாளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் படுக்க வைத்தால் மூன்று வாரம் இருக்கும். அதே தட்டில் அப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது, பழத்திலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுக்கும். எடுத்து அடித்தண்டைச் சீவி இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒரு நாளுக்குள் விரியும். என் அம்மா ஜூன் மொட்டை இப்படி வைத்திருந்து ஜூலையில் சாமிப்படத்துக்கு வைக்கிறார்.

பிரிப்பது கட்டாயமில்லை. நன்றாகப் பூக்கும் செடியை அப்படியே விடுங்கள். யாருக்காவது பங்கு கொடுக்க வேண்டுமென்றால் செப்டெம்பர் நடுவில் தண்டை வெட்டி, ஓரடி தள்ளிச் சுற்றித் தோண்டி, கவைமுள்ளால் கிளப்புங்கள். மண்ணைக் கழுவி ஒரு சில மணி நேரம் நிழலில் விட்டால் வேர் கொஞ்சம் துவளும், வெட்டும்போது முறியாது. கூரான கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்ணும், தடித்த வேர் இரண்டு மூன்றும் வருமாறு வெட்டுங்கள். அழுகிய பகுதியைச் சீவி எறியுங்கள். அன்றோ மறுநாளோ நடுவது நல்லது. கொடுக்கும் துண்டில் ஒரு சீட்டைக் கட்டி, பூவின் நிறம், பூக்கும் வாரம், ‘கண்ணுக்கு மேல் இரண்டு அங்குல மண்’ என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.